மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஓர் அறுவை வைத்தியர்: அம்புருவாஸ் பாரே

மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத காலத்தில் அறுவை வைத்தியம் செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், கத்திக்குக் கீழே ஆள் அலறும்போது அவர்கள் மனம் மரத்துப்போயிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பதில் சொல்வதைவிட, நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த அம்புருவாஸ் பாரே. அவர் மனம் மரத்துப்போகவில்லை. அவர் கண்டுபிடித்தவற்றில் பாதிக்கு மேல் பிறந்ததே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

பாரே 1510 வாக்கில் லவால் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெரிய படிப்பு இல்லை, லத்தீன் வராது. அன்றைய பாரிஸில் லத்தீன் வராதவர் மருத்துவராக முடியாது. பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் நீண்ட அங்கி அணிந்து, நாடி பிடித்து, சிறுநீரைக் குப்பியில் பார்த்து, பழைய நூல்களிலிருந்து மருந்து சொல்வார்கள். ரத்தத்திலும் சீழிலும் கை வைக்க மாட்டார்கள். அந்த வேலைக்கு நாவிதர்கள் இருந்தார்கள். சவரம் செய்வது, கட்டியைக் கீறுவது, ரத்தம் இறக்குவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்கள் பாடு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே செயின்ட் கோம் என்ற சங்கத்தைச் சேர்ந்த அறுவை வைத்தியர்கள் கொஞ்சம் கௌரவத்தோடு இருந்தார்கள். பாரே அடிப்படியில் தொடங்கியவர். நாவிதரிடம் தொழில் பழகிய பையன்.

அப்புறம் பாரிஸின் ஒத்தேல் தியூ ஆஸ்பத்திரியில் சுமார் மூன்று வருடம். ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி அது, ஒரே கட்டிலில் பல பேரைப் படுக்க வைப்பார்கள். கடுங்குளிர் அடித்த ஒரு பருவத்தில் நான்கு நோயாளிகளுக்கு மூக்கு நுனி உறைந்து அழுகிப்போக, பாரேதான் அவற்றை வெட்டி எடுத்தார். இரண்டு பேர் பிழைத்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பல வருடம் புத்தகத்தில் படித்ததை அவர் அங்கே கட்டில் கட்டிலாகப் படித்தார்.

1536-37இல் பிரெஞ்சுப் படை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் தூரின் நகரப் பக்கம் இறங்கியது. தளபதி மோந்தெஷானின் அறுவை வைத்தியராகப் பாரேயும் கூடப் போனார். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். துப்பாக்கிக் காயத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. பிற்காலத்தில் அவரே அதை மறைக்காமல் எழுதினார்.

அந்தப் போரில் ஒரு தொழுவத்துக்குள் நுழைந்தபோது கண்டதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. நான்கு பேர் செத்துக் கிடந்தார்கள். மூன்று பேர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். வெடிமருந்து பற்றி முகம் உருத்தெரியாமல் கருகி, கண் தெரியாமல், காது கேட்காமல், பேச்சும் இல்லாமல். துணியில் இன்னும் புகை. கிழட்டுச் சிப்பாய் ஒருவர் வந்து, இவர்களைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் பாரே. உடனே அந்தச் சிப்பாய் கோபமோ ஆவேசமோ இல்லாமல், மெதுவாக மூன்று பேர் கழுத்தையும் அறுத்துவிட்டார். நீ கெட்டவன் என்று பாரே கத்தினார். எனக்கு இப்படி ஒரு கதி வந்தால் யாராவது இதே உதவியைச் செய்ய வேண்டும் என்றுதான் கடவுளை வேண்டுகிறேன் என்றார் சிப்பாய். வைத்தியம் என்ற ஒன்று இல்லாத இடத்தில் கருணை எந்த உருவம் எடுக்கும் என்பதை இந்த அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, துப்பாக்கிக் காயத்துக்கு அன்று என்ன வைத்தியம்? போப்பாண்டவருக்கே அறுவை வைத்தியராக இருந்த ஜியோவானி த வீகோ எழுதிய நூல்தான் வேதம். வெடிமருந்து விஷம், அதனால் குண்டு பட்ட காயமும் விஷக் காயம், அதைச் சுட்டுத்தான் அடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்டர் மரத்து எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க, கொஞ்சம் விஷமுறி லேகியம் கலந்து காயத்துக்குள் விட வேண்டும். பாரே அதைப் படித்திருந்தார். இருந்தாலும் இப்படி ஊற்றினால் வலி தாங்க முடியாதே என்று தயங்கினார். மற்ற வைத்தியர்கள் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தார். எல்லோரும் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றினார்கள். தைரியம் வந்து அவரும் ஊற்றினார்.

ஒரு நாள் காயம்பட்டவர்கள் அதிகம், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து ஆறிய களிம்பாக மிச்சப் பேருக்குப் போட்டார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. எண்ணெய் படாதவர்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடினார். களிம்பு போட்டவர்களுக்கு வலி குறைவு, காயத்தில் வீக்கமோ அழற்சியோ இல்லை, இரவு ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலில், கடும் வலியில், காயத்தைச் சுற்றி வீங்கிக் கிடந்தார்கள். குண்டடி பட்ட ஏழைகளை இனி ஒருபோதும் இப்படிக் கொடூரமாகச் சுட மாட்டேன் என்று அன்று முடிவு செய்ததாக எழுதுகிறார்.

இந்தக் கதை பல இடங்களில் வந்திருக்கிறது, நீங்களும் கேட்டிருக்கலாம். தற்செயலாக நடந்த கண்டுபிடிப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எண்ணெய் தீர்ந்தது வேண்டுமானால் தற்செயல். எந்தப் படையிலும் எண்ணெய் தீர்ந்திருக்கும், எத்தனையோ வைத்தியர்கள் கையில் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்கள், எத்தனை பேர் விடியுமுன் போய் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? தான் கொன்றுவிட்டோமோ என்று பயந்த ஆள்தான் மறுநாள் காலை ஓடிப்போய்ப் பார்ப்பார்.

அது ஒரு முறை நடந்த அதிர்ஷ்டம் அல்ல என்பதற்கு அதே போரில் இன்னொரு சாட்சி இருக்கிறது. தளபதியின் சமையலறைப் பையன் ஒருவன் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கப் பாரே கடைக்குப் போனார். அங்கே நின்றிருந்த கிராமத்துக் கிழவி ஒருத்தி, பச்சை வெங்காயத்தை உப்பு வைத்து இடித்துப் போடு, கொப்புளம் வராது என்றாள். பேராசிரியர்கள் சிரித்திருப்பார்கள். பாரே போட்டுப் பார்த்தார். மறுநாள் வெங்காயம் பட்ட இடத்தில் கொப்புளம் இல்லை, படாத இடமெல்லாம் கொப்புளம். அவர் அதோடு விடவில்லை. கொஞ்ச நாளில் ஜெர்மன் காவல் வீரன் ஒருவனுக்கு வெடிமருந்து பற்றி முகமும் கையும் வெந்தன. இம்முறை தெரிந்தே, முகத்தின் ஒரு பாதிக்கு வெங்காயம், மறு பாதிக்கு வழக்கமான மருந்து. அதே முடிவு. ஒரே ஆளின் ஒரே முகத்தில் இரண்டு மருந்தை எதிரெதிரே வைத்துச் சோதித்திருக்கிறார், 16ஆம் நூற்றாண்டில். (தீக்காயத்துக்கு இன்று வெங்காயம் போடாதீர்கள். உடனே ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.)

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை இன்றைய விஞ்ஞானி போலக் கற்பனை செய்துவிடக் கூடாது. தூரினில் துப்பாக்கிக் காயத்துக்குப் பேர்போன ஒரு வைத்தியர் இருந்தார். அவருடைய தைல ரகசியத்துக்காகப் பாரே இரண்டு வருடம் பின்னால் அலைந்தார். கடைசியில் கிடைத்த ரகசியம், பிறந்த நாய்க்குட்டிகளை அல்லி எண்ணெயில் வேகவைத்து, மண்புழுவும் டர்பன்டைனும் சேர்த்துக் காய்ச்சிய தைலம். பாரே அதை ஆசையோடு பயன்படுத்தினார். பலன் தந்தது நாய்க்குட்டி இல்லை, அந்தத் தைலம் கொதிக்காமல் இருந்ததுதான். அது அவருக்குத் தெரியவில்லை. பேய், பிசாசு, வினோதப் பிறவிகள் பற்றியும் அவர் காலத்து மனிதர்கள் போலவே நம்பி எழுதினார்.

1545இல் துப்பாக்கிக் காய வைத்தியம் பற்றிய அவருடைய முதல் நூல் வந்தது. பிரெஞ்சு மொழியில் எழுதினார். லத்தீன் வராது என்பது ஒரு காரணம். படிக்க வேண்டியவர்களான நாவித வைத்தியர்களுக்கும் லத்தீன் வராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நீங்கள் கேட்ட வலி விஷயத்துக்கு வருகிறேன். அபின், மாண்டிரேக் வேர், சாராயம் எல்லாம் இருந்தன. அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் ஆள் போய்விடுவார். அதனால் நோயாளியைப் பலர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, விழித்திருக்கும்போதேதான் வெட்டு. காலை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்கு மேலே பட்டையால் இறுக்கிக் கட்டச் சொன்னார் பாரே. தோலையும் சதையையும் மேலே இழுத்து வைக்கலாம், ரத்தம் கட்டுப்படும், உணர்வும் கொஞ்சம் மரத்துப்போகும் என்று மூன்று பலன் சொன்னார். ஆனால் நோயாளிகள் ரம்பத்துக்குப் பயந்ததற்குக் குறையாமல் அதற்கு அடுத்ததற்கும் பயந்தார்கள். ரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டுவாயில் வைத்து அழுத்துவார்கள். ஒரு தடவை வைத்தால் போதாது. சுட்ட பொருக்கு உதிர்ந்தால் மறுபடி ரத்தம், மறுபடி இரும்பு. வெட்டியதில் பிழைத்தவர் சூட்டில் சாவதும் உண்டு.

ரத்தக் குழாயை நூலால் முடிச்சுப் போட்டு அடைக்கலாம் என்பது பழைய நூல்களில் இருந்த விஷயம்தான், சாதாரணக் காயங்களுக்கு. கை காலை வெட்டும்போதும் அதையே ஏன் செய்யக் கூடாது என்று பாரே நினைத்தார். 1552இல் தாம்வில்யே முற்றுகையில் ரோஹான் பிரபுவின் கூடாரத்துக்குள் பீரங்கிக் குண்டு ஒன்று புகுந்து, அவர் ஆள் ஒருவரின் காலைச் சிதைத்தது. பாரே காலை வெட்டினார். காக்கை அலகு என்று பேர் வைத்த குறடால் ரத்தக் குழாயின் வாயைப் பிடித்து வெளியே இழுத்து, இரட்டை நூலால் கட்டினார். இரும்பு சூடேறவே இல்லை. அந்த மனிதர் பிழைத்து, மரக்காலோடு ஊர் திரும்பினார். சுடப்படாமல் இவ்வளவு மலிவாகத் தப்பித்தேனே என்று சந்தோஷப்பட்டாராம். ஒரு காலை இழந்தவர் மலிவு என்று சொல்கிறார் என்றால் அந்த இரும்பு எப்படி இருந்திருக்க வேண்டும்!

ஆனால் இந்த முடிச்சு உடனே உலகத்தை மாற்றிவிட்டது என்று சில புத்தகங்கள் எழுதுவது சரியல்ல. தொடையை வெட்டினால் பல முடிச்சுகள் வேண்டும். அதுவரை ரத்தத்தைப் பிடித்து நிறுத்த நல்ல கருவி இல்லை. பாரிஸ் வைத்தியர் பெத்தி திருகு வைத்த இறுக்குப் பட்டையைக் கொண்டுவந்தது 1718இல். அதற்குப் பிறகுதான் பாரேயின் முறை பரவலாகக் கைகூடியது. அப்போதும் கழுவாத கை, கொதிக்க வைக்காத நூல். நூல் கிடந்த இடத்தில் சீழ் கோத்து, பல நாள் கழித்து நூல் தானாக அழுகி வெளியே வரும். பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்கள் முன் அறுவை நடந்தது 1846இல். ஆங்கிலேய அறுவை வைத்தியர் லிஸ்டர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதியது 1867இல். அதன் பிறகுதான் அந்த முடிச்சு ஆபத்தில்லாத முடிச்சாக ஆனது. பாரே தன் காலத்தைவிட மூன்று நூற்றாண்டு முன்னால் நின்றார், ஆனால் அந்த மூன்று நூற்றாண்டின் நோயாளிகளுக்கு அது முழுசாகப் போய்ச் சேரவில்லை.

கை கால் போனவர்களுக்காகவும் அவர் யோசித்தார். பாரிஸில் ஒரு பூட்டுத் தொழிலாளியை வைத்து, பல்சக்கரமும் வில்லும் உள்ள இரும்புக் கை செய்வித்து அதன் படத்தைத் தன் நூலில் போட்டார். வெட்டி எடுத்த கால் இன்னும் வலிக்கிறது என்று நோயாளிகள் சொன்னதை மனப்பிரமை என்று ஒதுக்காமல் எழுதி வைத்தார். பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தால் கையை விட்டுத் திருப்பிக் கால்களைப் பிடித்து எடுக்கும் பழைய முறையை மீட்டுப் பரப்பினார்.

அந்த 1552ஆம் வருடக் கடைசியில் பிரான்சின் எதிரியான ஐந்தாம் சார்லஸ் பேரரசர், பிரெஞ்சுப் படை கையில் இருந்த மெட்ஸ் நகரத்தை முற்றுகையிட்டார். உள்ளே காயம்பட்டவர்கள் கொத்துக் கொத்தாகச் சாக, எதிரிப் படையின் இத்தாலியத் தலைவன் ஒருவனுக்குப் பணம் கொடுத்து, பாரேயை இரவோடு இரவாக ஊருக்குள் கொண்டுபோனார்கள். பிரபுக்களும் தளபதிகளும் பாரேயைக் கட்டிக்கொண்டு, இனி காயம்பட்டாலும் சாவுக்குப் பயமில்லை என்றார்களாம். அடுத்த வருடம் எஸ்தான் கோட்டை விழுந்தபோது எதிரிகளிடம் பிடிபட்டார். பிரபு ஒருவரின் காலில் பல வருடமாக ஆறாமல் இருந்த புண்ணை ஆற்றியதற்காக, பணயத் தொகை வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

1561இல் அவருக்கே கால் முறிந்தது. குதிரை உதைத்து இடது காலின் இரண்டு எலும்பும் உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டன. அந்தக் காலத்தில் அப்படி உடைந்தால் பெரும்பாலும் வெட்டுவார்கள். பாரே தன் நண்பரான வைத்தியரிடம், நண்பன் என்று பார்க்காதே, முன்பின் தெரியாதவனாக நினைத்துக்கொள், எலும்பு உள்ளே போக இடம் போதாவிட்டால் கத்தியால் காயத்தைப் பெரிதாக்கு என்றார். வலி தாங்காமல் துடித்தார், காய்ச்சல் கண்டார், சீழ் வைத்தது, கடைசியில் காலோடு நடந்தார். அன்று பட்ட வலியைத் தன் நூலில் ஒளிக்காமல் எழுதினார். எத்தனை காலை வெட்டியவர்!

சுத்தம் பற்றிக் கேட்டீர்கள். கிருமி தெரியாதபோது சுத்தம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1569இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ், இன்றைய பெல்ஜியத்தில் மோன்ஸ் பக்கத்திலிருந்த அவ்ரே பிரபுவைப் பார்க்கப் பாரேயை அனுப்பினார். முழங்கால் அருகே குண்டு பட்டு, தொடை எலும்பு உடைந்து ஏழு மாதம். பாரே போனபோது ஆள் சாகும் நிலை. கண் குழிந்து, முகம் மஞ்சளாகி, குரல் எழும்பாமல். தொடை முழுக்கச் சீழ், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அளவு படுக்கைப்புண். அசைத்தால் வலிக்கிறது என்று படுக்கைத் துணியைப் பல வாரமாக மாற்றவே இல்லை. ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது பாரேக்கு. தோட்டத்துக்குப் போய்த் தனியாக நடந்து பிரார்த்தனை செய்து, யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தொடையைக் கீறிச் சீழை இறக்கி, எலும்புத் துண்டுகளை எடுத்தார். அது கத்தி வேலை. அவர் அடுத்துச் செய்தவைதான் எனக்கு முக்கியம். பக்கத்தில் இன்னொரு மெத்தைக் கட்டில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பலமான ஆள் ஒருவரை வைத்து நோயாளியை அதில் மாற்றினார். சுத்தமான சட்டை. உடம்பைச் சூடான துணியால் தேய்த்துவிடச் சொன்னார். நல்ல சாப்பாடு. அறையில் பூக்களும் வாசனையும். தூக்கம் வரவில்லை என்றதும், உயரத்திலிருந்து தண்ணீரை ஒரு கொப்பரையில் சொட்டவிட்டு மழைச் சத்தம் உண்டாக்கினார். உடம்பு தேற ஆரம்பித்ததும் வயலின் வாசிக்க ஆளும் சிரிக்க வைக்க ஒரு கோமாளியும் வந்தார்கள். ஒரு மாதம் போல ஆனதும் நாற்காலியில் வைத்துக் கோட்டை வாசலுக்குத் தூக்கிப்போனார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் வந்து ஆடிப் பாடினார்கள். பிரபு சிரித்தார், பீர் பீப்பாய் திறந்தார். பாரே ஊர் திரும்பும்போது அவர் ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தார். கிருமி என்ற சொல்லே இல்லாமல், அழுக்குத் துணியும் அழுகலும் தூக்கமின்மையும் ஆளைக் கொல்லும் என்று தெரிந்த கண் அது.

தன் நோயாளிகள் பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, நான் கட்டுப் போட்டேன், கடவுள் குணமாக்கினார் என்பார். அதற்காக எதற்கும் பணிந்துபோகிறவர் அல்ல. 1554இல் லத்தீன் தெரியாதவரையே செயின்ட் கோம் சங்கம் சேர்த்துக்கொண்டதில் பல்கலைக்கழகத்துக்குக் கோபம். 1575இல் எல்லா நூல்களையும் தொகுத்துப் பிரெஞ்சில் வெளியிட்டபோது தடுக்கப் பார்த்தார்கள். முடிச்சு முறையைத் தாக்கி மருத்துவப் பீடத் தலைவர் கூர்மெலன் எழுதினார். வயதான பாரே 1585இல் பதில் எழுதினார், தான் போன போர்க்களங்களை வரிசையாகச் சொல்லி. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கற்றுத் தரப் பார்க்கிறீர்களா என்பதுதான் அதன் தொனி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் மனம் ஒப்பவில்லை. எல்லா விஷத்தையும் முறிக்கும் என்று நம்பப்பட்ட பெசோவார் கல் ஒன்று ஒன்பதாம் சார்லஸ் மன்னரிடம் இருந்தது. அப்படி ஒரு கல் இருக்க முடியாது என்றார் பாரே, வேண்டுமானால் மரண தண்டனைக் கைதிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றார். இரண்டு வெள்ளித் தட்டு திருடியதற்காகத் தூக்கு விதிக்கப்பட்ட சமையல்காரர் ஒருவர், பிழைத்தால் விடுதலை என்றதும் ஒப்புக்கொண்டார். விஷமும் கொடுத்தார்கள், கல்லும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாரே போனபோது அவர் மிருகம் போல நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். காது, மூக்கு, வாயெல்லாம் ரத்தம். எண்ணெய் குடிக்க வைத்துக் காப்பாற்றப் பார்த்தார், முடியவில்லை. ஏழு மணி நேரத்தில் இறந்தார். மன்னர் கல்லை நெருப்பில் போடச் சொன்னார். பாரே சொன்னது சரிதான். ஆனால் தொழுவத்தில் மூன்று பேருக்காகக் கத்தியவர், ஒரு வாதத்தை நிரூபிக்க ஒரு ஏழையின் உயிரைப் பந்தயம் வைத்தார். அன்றைய வழக்கம் அது என்று சொல்லலாம். ஆனால் வழக்கங்களை உடைத்துத்தான் அவர் பாரே ஆனார்.

நான்கு மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். 1590இல், தன்னை மன்னராக ஏற்காத பாரிஸை நான்காம் ஹென்றியின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, ஊர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. சமாதானம் கூடாது என்று பிடிவாதம் பிடித்த கூட்டத்தில் லியோன் பேராயரும் ஒருவர். அவர் செயின்ட் மிஷேல் பாலத்தின் முனைக்கு வந்தபோது, பசித்த கூட்டத்தின் நடுவிலிருந்து எண்பதை எட்டிய பாரே அவர் எதிரே போய் நின்று, இந்த ஏழை மக்கள் பசியில் சாகிறார்கள், சமாதானம் செய்யுங்கள், செய்யாவிட்டால் இவர்களுக்காகக் கடவுளிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று உரக்கச் சொன்னார். அந்த ஊரில் வாழ்ந்த ஒருவர் தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த டிசம்பர் 20இல் பாரே இறந்தார்.